வைசர் கிடைக்காத பழைய காருக்கு: தேடி வாங்குவதா, வெட்டிப் பொருத்துவதா, செய்துகொள்வதா?

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20 வைத்திருப்பவர்களுக்கு டோர் வைசர், அதாவது கதவுக் கண்ணாடிக்கு மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மறைப்பு, ஒரு பிரச்சினையே இல்லை. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனால் நாலு கதவுக்கும் சேர்த்து ஒரு செட்டை எடுத்து அங்கேயே ஒட்டியும் கொடுத்துவிடுவார்கள். ஃபோர்டு ஐகான், ஓப்பல் கோர்சா, டேவூ மாடிஸ், ஃபியட் பாலியோ என்று கேட்டால்தான் "அதெல்லாம் இப்ப வர்றதில்லை சார்" என்ற பதில் வருகிறது. வராததற்குக் காரணமும் இருக்கிறது. டேவூ நம் நாட்டை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓப்பலை இங்கே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டும் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. கார் நின்ற பிறகும் பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் யாராவது செய்து விற்பார்கள். வைசர் மாதிரி வெளிச்சாமானுக்கு அச்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆள் கிடையாது.

எங்கள் வீட்டில் இன்னும் ஓடுவது ஒரு ஐகான். அதற்காக விசாரித்தது, அளந்தது, செய்து ஒட்டியது எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். பழைய காரை நல்லபடியாக ஓட வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

நம் பக்கத்தில் வைசர் வெறும் அழகுச் சாமான் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் கண்ணாடியை முழுக்க ஏற்றி நிறுத்திய காருக்குள் மதியம் கையை வைக்க முடியாது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் சொல்லிவிட்டது. வைசர் இருந்தால் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு நிறுத்தலாம். வெளியே தெரியாது, சூடு மேலே ஏறி வெளியேறும், திடீர் மழை வந்தாலும் சீட் நனையாது. ஏசி சரியில்லாத பழைய வண்டிக்கு இன்னும் முக்கியம். மழையில் உள்ளே ஆவி படிந்து முன்கண்ணாடி மங்கும்போது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க முடிந்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே மழையில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒகேனக்கல்லில் நிறுத்தும்போது மட்டும் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுங்கள். அங்கே குரங்குகள் இடைவெளியில் கைவிடும், வைசரையும் பிடித்து இழுக்கும்.

சரி, கிடைக்காத வைசருக்கு என்ன வழி? பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது விலையை. நான் பார்த்தவரை விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது கதவின் வடிவம். எந்த வழி உங்கள் காருக்கு ஒத்துவரும் என்பதைக் கிட்டத்தட்ட அதுவே சொல்லிவிடும்.

முதலில் ஒரு அட்டை

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். கதவின் மேல் ஃபிரேமில் நல்ல கெட்டியான அட்டையை வைத்து, ஃபிரேமின் வளைவை அப்படியே வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு முன்கதவு, பின்கதவு என்று இரண்டு மாதிரி போதும். மறுபக்கத்துக்கு அதையே திருப்பி வைத்துப் பார்க்கலாம். ஆனால் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்த கதவு என்றால் தனியாக அளந்துவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது.

அந்த அட்டையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மேல் கோடு நேராகப் போகிறதா, வில் மாதிரி வளைகிறதா என்பது ஒன்று. டாடா சுமோ, பொலிரோ, ஆம்னி மாதிரி பெட்டி வடிவ வண்டிகளில் கிட்டத்தட்ட நேராக இருக்கும். ஐகான், கோர்சா போன்றவற்றில் வில்லாக இருக்கும். இரண்டாவது, கதவின் முகம் முன்னிருந்து பின்னாக எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. ஒரு நீளமான ஸ்கேலை ஃபிரேம் மேல் வைத்தால் இரண்டு ஓரத்திலும் தெரியும் இடைவெளிதான் அந்த வளைவு. மூன்றாவது முன்கதவின் முன்மூலை. அங்கே ஓட்டுநரின் கண்ணுக்கும் பின்னால் வருவதைக் காட்டும் சைடு மிரருக்கும் நடுவில் வைசர் வரும்.

மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, நான் அதைத்தான் பெரிதாகப் பார்க்கிறேன். வைசர் அகலத்துக்கே அட்டையை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வண்டி ஓட்டும் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் உயரம் மாறினால் பார்வைக் கோடும் மாறும். சைடு மிரரின் ஒரு சிறு பகுதியை அட்டை மறைத்தாலும் அந்த இடத்தில் அகலத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்மூலையில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டியதே இல்லை.

தேடி வாங்குவது

கார் சாமான் கடைகள் நிறைந்த இடங்கள் என்றால் சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் ஜே.சி. ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான் என்பதால் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஜே.சி. ரோடு பக்கம். தர்மபுரிக்காரர்கள் சேலத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். எங்கே போனாலும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் பழைய ஸ்டாக்கின் உறை மேல் எழுதியிருக்கும் மாடல் பெயரைவிட உங்கள் அட்டை நம்பகமானது. பல வருஷம் கிடந்த வைசரில் டேப் காய்ந்து கல்லாகியிருக்கும், அது பரவாயில்லை, உரித்துவிட்டுப் புது டேப் ஒட்டலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது முறியப் போகிற பிளாஸ்டிக்.

குவாலிஸ், டவேரா வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. குவாலிஸ் என்பது இந்தோனேசியாவில் ஓடிய டொயோட்டா கிஜாங்கின் ஒரு தலைமுறை. டவேரா அங்கே ஓடிய இசுசு பாந்தர். மழை நாடு என்பதால் அங்கே வைசர் இல்லாத காரைப் பார்ப்பதே அரிது. இணையத்தில் "தாலாங் ஆயிர்" என்ற பெயரில் அங்குள்ள வைசர்கள் விற்பனைக்கு வரும். கார் பெயரோடு சேர்த்துத் தேட வேண்டும், எந்த வருஷத்து மாடல் என்று படத்தையும் ஒப்பிட வேண்டும். அதே மாதிரி ஐகான் ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் வந்த செடான். அங்கே ஐந்து கதவு ஃபியஸ்டாவுக்குச் செய்த முன்கதவு வைசர் இதற்குப் பொருந்த வாய்ப்பு உண்டு. பின்கதவை அப்படி எதிர்பார்க்க வேண்டாம். அங்கே இடது பக்க ஸ்டியரிங் என்று தயங்க வேண்டியதில்லை, கதவுக்கு அதனால் வித்தியாசம் வராது.

ஆனால் ஐரோப்பிய வைசர்கள் பலவும் டேப்பில் ஒட்டுகிற வகை இல்லை, கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனலுக்குள்ளே செருகுகிற வகை. இருபது வருஷம் பழகிய ரப்பருக்குள் கூடுதலாக ஒரு தகட்டைத் திணித்தால் கண்ணாடி இறுகும், கையால் சுற்றுகிற வைண்டருக்கும் பவர் விண்டோ மோட்டாருக்கும் பாரம் கூடும். கூரியர் செலவு, சுங்கம், வழியில் உடையும் அபாயம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் குவாலிஸ், டவேராவுக்கு மட்டும் இறக்குமதி வழி சரி என்பேன். மற்றவர்கள் ஜே.சி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேறு காரின் வைசரை வெட்டிப் பொருத்துவது

முன்கதவுக்கு என்னுடைய முதல் தேர்வு இதுதான். காரணம் சொல்கிறேன். கடையில் விற்கும் வைசர் அச்சில் வார்த்தது. கதவில் ஒட்டும் விளிம்பு, அங்கிருந்து வெளியே தள்ளும் மடிப்பு, கீழே இறங்கும் முகம் என்று மூன்றும் ஒரே துண்டில் வருகிறது. அதைவிட முக்கியம், காற்று மோதும் முன்முனை மெலிந்து, மூடி வரும். கையால் செய்யும்போது கஷ்டமான இடமே அந்த முன்முனைதான். அது தயாராகக் கிடைக்கிறது என்றால் அதை விடக் கூடாது.

அதனால் உங்கள் கதவைவிடக் கொஞ்சம் நீளமான வைசரை எடுத்து, எப்போதும் பின்முனையில் வெட்ட வேண்டும். முன்முனையில் கை வைக்கக் கூடாது.

எந்தக் காரின் வைசர் என்று கேட்பீர்கள். மாடல் பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒரே காருக்கு இரண்டு கம்பெனி செய்த வைசரே வளைவில் மாறுகிறது. கடையில் அட்டையை மேலே வைத்து ஒவ்வொரு செட்டாகப் பார்ப்பதுதான் வழி. கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் கடைக்காரர்கள் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு பீஸ் உடைந்துபோன செட்கள் ஓரமாகக் கிடக்கும், முன்கதவு ஜோடி மட்டும் போதும் என்று கேட்டால் அது குறைந்த விலைக்கே கிடைக்கும்.

பொருத்தத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? மேல் கோட்டின் வில்லில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒட்டும் விளிம்பின் அகலத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். ஹீட் கன் வைத்து வளைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கதவின் முகத்தோடு படியும்படி உள்ளேயும் வெளியேயும் வளைக்கலாம், அது உண்மை. ஆனால் மேல் கோட்டின் வில்லை மாற்ற முடியாது. ஒரு தகட்டை முகப்பக்கம் வளைப்பது எளிது, அதன் தளத்துக்குள்ளேயே பக்கவாட்டில் வளைக்கப் பார்த்தால் நெளியும் அல்லது முறியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீணாகும் செட்கள் நிறைய.

வெட்டும் இடத்தில் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பொடிப் பல் ஹேக்சா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். அப்புறம் அரத்தால் மூலையை உருட்டி, 120, 400, 800 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தால் ஓரம் வழுவழுப்பாகிவிடும். இந்தத் தேய்ப்பு அழகுக்காக மட்டும் இல்லை. அக்ரிலிக்கில் விரிசல் தொடங்குவது சொரசொரப்பான ஓரத்திலிருந்துதான். துடைப்பதற்கு பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். புதிதாக அறுத்த அக்ரிலிக்கில் அவை பட்டால் நரம்பு நரம்பாக விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

போர்டு கடையில் அக்ரிலிக்

பின்கதவுக்கும் பெட்டி வடிவ வண்டிக்கும் இதைச் சொல்வேன். எல்இடி எழுத்துப் பலகை செய்யும் கடைகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் இருக்கின்றன. அவர்களிடம் எட்டுக்கு நாலு அடி அக்ரிலிக் தாள் உண்டு, லேசர் வெட்டும் வசதி உண்டு அல்லது வெட்டிக்கொடுக்கும் இடம் தெரியும். கறுப்புச் சாயம் கலந்த புகை நிறத் தாள் எப்போதும் கையிருப்பில் இருக்காது, சொல்லிவைக்க வேண்டும். எக்ஸ்ட்ரூடட் (மெஷினில் பிதுக்கி எடுத்த) தாளைவிட காஸ்ட் (வார்த்து எடுத்த) தாள் விரிசலை அதிகம் தாங்கும், அதையே கேளுங்கள். கனம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர்.

கடைக்காரர் முதலில் சொல்வது கம்பிச் சூட்டில் மடித்துக் கொடுக்கிறேன் என்பதாக இருக்கும். சூடேறிய நீளக் கம்பி மேல் தாளை வைத்தால் அந்தக் கோட்டில் இளகும், மடித்துக்கொள்ளலாம். சுமோ, ஆம்னி மாதிரி மேல் கோடு நேராக இருக்கும் கதவுக்கு இது அருமையான வழி. ஒட்டுவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பை விட்டு ஒரு மடிப்பு, வேலை முடிந்தது. ஆனால் கம்பி நேரானது, அது தரும் மடிப்பும் நேரானதுதான். வில்லாகப் போகும் கதவில் அந்த மடிப்பு உட்காராது. வில் மடிப்புக்கு மர அச்சு செய்து, மொத்தத் தாளையும் 150, 160 டிகிரிக்குச் சூடாக்கிப் படிய வைக்க வேண்டும். முக்கால் மீட்டர் நீளத் தாளைச் சீராகச் சூடாக்கும் அடுப்பு வீட்டில் கிடையாது, பேக்கரி அடுப்பில் பிளாஸ்டிக் வைப்பது சாப்பாட்டுக்குச் செய்யும் துரோகம்.

மடிக்காமலே செய்யலாம். அட்டை மாதிரியைக் கொடுத்து இரண்டு துண்டு லேசரில் வெட்டச் சொல்லுங்கள். ஒன்று முழு வைசர். இன்னொன்று அதே வில்லில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை, முன்முனையில் மட்டும் கீழே இறங்கி மூடும்படி. பட்டையை வைசரின் மேல் ஓரத்துக்குப் பின்னால் வைத்து ஒட்டினால், வைசர் கதவிலிருந்து அந்தப் பட்டையின் கனத்துக்கு விலகி நிற்கும். பட்டையை இரண்டு அடுக்காக வைத்தால் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், காற்று வெளியேற அது போதுமானது. முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். வண்டி ஓடும்போது உள்காற்றைப் பின்னால் இழுப்பது அந்தத் திறப்புதான்.

துண்டுகளைச் சேர்க்க போர்டு கடைகளில் பெரும்பாலும் குளோரோஃபார்ம்தான் பயன்படுத்துகிறார்கள். அக்ரிலிக்கை லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அவர்களையே ஒட்டித்தரச் சொல்லுங்கள், மூடிய அறையில் வீட்டில் செய்யும் வேலை இல்லை அது. தட்டையான தாள் கதவின் முக வளைவோடு படியுமா என்ற சந்தேகம் வரும். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆரம் வரை சூடே இல்லாமல் வளைந்துகொடுக்கும். கார்க் கதவின் முக வளைவு பொதுவாக அதைவிட மிகவும் தட்டை. இரண்டு மில்லிமீட்டர் என்றால் இன்னும் இலகு. அடுக்குப் பட்டையைத் தட்டையாக ஒட்டிய பிறகு அந்த இடம் விறைத்துவிடும், அதனால் கதவின் வளைவு அதிகம் என்றால் கதவு மேலேயே வைத்துப் பட்டையை ஒட்டுவது நல்லது.

அக்ரிலிக்கின் பெரிய பலவீனம், அடி பட்டால் சில்லாக உடையும். நெடுஞ்சாலையில் பின்னால் பைக் வரும்போது ஒரு சில்லு பறப்பதை நினைத்துப் பார்த்தே, வார்த்த முன்முனை இல்லாத இந்தத் தாளை முன்கதவுக்கு நான் சொல்வதில்லை. பின்கதவில் காற்றின் மோதல் குறைவு.

மற்ற வழிகள்

உடையாத தாள் வேண்டும் என்றால் பாலிகார்பனேட். கூரைக்குப் போடும் தாள் விற்கும் இடங்களில் குழாய் குழாயாக இருப்பதை விட்டுவிட்டு, கெட்டித் தாளைக் கேட்க வேண்டும். சுத்தியலால் அடித்தாலும் சிதறாது, சூடில்லாமல் அக்ரிலிக்கைவிட நன்றாக வளையும். ஆனால் லேசரில் வெட்டினால் ஓரம் கருகும், ரம்பத்தில்தான் அறுக்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத தாள் நம் வெயிலில் மஞ்சளாகிவிடும். பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். முகப்பு உறையில் அது அச்சிட்டிருக்கும், உரிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். குளோரோஃபார்ம் ஒட்டு இதற்கு வேண்டாம், அடுக்குகளை டேப்பிலேயே சேர்க்கலாம். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிற டாக்ஸிக்கு அக்ரிலிக்கைவிட இதுவே மேல்.

ஃபைபர் வேலை செய்பவர்கள் எந்த வளைவையும் அப்படியே எடுத்துக்கொடுப்பார்கள், உறுதியும் உண்டு. ஆனால் அதனூடே எதுவும் தெரியாது. பார்வையை மறைக்கும் ஒன்றை முன்கதவில் வைக்கவே கூடாது. பின்கதவில் மட்டும் வைத்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வண்டியின் அழகு கெட்டுப்போகும்.

முப்பரிமாண அச்சு இப்போது எல்லாரும் கேட்பது. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகும். மே மாத வெயிலில் நிற்கும் காரின் மேல் அது நிலைக்காது. ஏஎஸ்ஏ என்ற வகை வெயில் தாங்கும், ஆனால் வீட்டு மெஷின்களின் தட்டு ஒரு சாணுக்குச் சற்று மேல்தான், ஒரு வைசருக்கு நாலு துண்டு சேர்க்க வேண்டியிருக்கும். சூடாக்கிய தாளை, காற்றை உறிஞ்சி அச்சின் மேல் படிய வைக்கும் வேக்யூம் ஃபார்மிங்தான் உண்மையில் சரியான தொழில்முறை. ஓசூரிலும் பெங்களூரிலும் பிளாஸ்டிக் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அச்சுச் செலவை ஒரே ஒருவர் ஏற்பது கட்டாது. ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் கடையில் வாங்கியது போலவே வரும்.

ஒட்டும் வேலை

எந்த வழியில் செய்த வைசரும் டேப் போனால் போயிற்று. சாதாரண வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் வேண்டவே வேண்டாம். த்ரீஎம் விஎச்பி மாதிரியான அக்ரிலிக் ஃபோம் டேப்தான் வேண்டும், தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். ஸ்க்ரூ போட்டால் இன்னும் கெட்டி என்று பட்டறையில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். 40 டிகிரி சூடு ஏறினால் தொண்ணூறு சென்டிமீட்டர் அக்ரிலிக் இரண்டரை மில்லிமீட்டர் நீளும், கதவின் இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. ஃபோம் டேப் அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்க்ரூ தாங்காது, ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும், இரும்பும் துருப்பிடிக்கும்.

கதவு ஃபிரேமை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைத்து, பாலிஷ் பிசுக்கு முழுக்கப் போன பிறகு ஒட்டுங்கள். இது கதவுக்கு மட்டும், வைசருக்கு அதே சோப்புத் தண்ணீர்தான். மறு பெயின்ட் அடித்த வண்டி என்றால் முதலில் டேப்பில் ஒரு சிறு துண்டை ஒட்டி இழுத்துப் பாருங்கள், பெயின்ட் உரிந்து வந்தால் அந்த இடத்தில் ஒட்டுவதில் பயனில்லை. மார்கழிக் காலையில், அதுவும் ஓசூர்க் குளிரில் ஒட்டாதீர்கள், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். அழுத்திப் பிடித்தவுடன் டேப் பிடித்துவிட்டது போலத் தோன்றும், முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸும் நெடுஞ்சாலை வேகமும் வேண்டாம்.

எங்கள் ஐகானில் முன்கதவு இரண்டுக்கும் வெட்டிப் பொருத்தியது, பின்கதவு இரண்டுக்கும் போர்டு கடை அக்ரிலிக். உற்றுப் பார்த்தால் நிறத்தில் சிறு வித்தியாசம் தெரியும், எனக்கு அது உறுத்தவில்லை. நாலும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் நாலையும் பாலிகார்பனேட்டில் செய்துகொள்ளட்டும். முன்முனை மூடலுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

எதைப் பொருத்தினாலும் முதல் வாரம் ஒவ்வொரு நாளும் முன்முனையை விரலால் தூக்கிப் பாருங்கள். நகம் உள்ளே போகிறது என்றால் அந்த டேப்பையே மறுபடி அழுத்தி ஒட்டாதீர்கள். ஹேர் டிரையரில் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து எடுத்து, பழைய பசையைச் சுத்தம் செய்து, புது டேப்பில் ஒட்டிய பிறகே டோல்கேட் தாண்டிப் போங்கள்.